ஒரே பாத்திரம்: திருவிருந்து ஒழுங்குகளும் நம் மக்களும்

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். வேலூர் முதல் வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் வாழும் நம் மக்களிடையே அம்மன் கோயிலுக்குச் செல்வோரும் உண்டு. மாதா கோயிலுக்கும் ஜெபக்கூடத்திற்கும் செல்வோரும் உண்டு. புத்தர் நெறியைத் தழுவியோரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் பொதுவான வரலாறு ஒன்று இருக்கிறது. அது தீண்டாமையை எதிர்த்து நின்ற வரலாறு. தீண்டாமை எங்கு நுழைந்தாலும் முதலில் கைவைப்பது உணவிலும் தண்ணீரிலும்தான். ஊர்க் கிணறு, தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை, விடுதியின் தனிப்பந்தி ஆகியவை நாம் நன்கறிந்தவை. 1925ஆம் ஆண்டு தமிழகத்தையே உலுக்கிய சேரன்மாதேவி குருகுலப் போராட்டமும் பந்தியைப் பற்றியதே.

இவ்வாறு பந்தியில் எழுந்த போராட்டங்களுள், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக எழுத்தில் பதிவாகி வந்தது ஒன்று உண்டு. கிறிஸ்தவத் திருச்சபைகளில் அப்பமும் திராட்சரசமும் பகிரப்படும் திருவிருந்தில், யார் முதலில் வருவது, யார் கையால் பெறுவது, எந்தக் கிண்ணத்தில் பருகுவது என்ற போராட்டமே அது. கத்தோலிக்கர் இதனை நற்கருணை என்பர். சீர்திருத்தச் சபையார் திருவிருந்து என்றும் இராப்போஜனம் என்றும் வழங்குவர். சபைகள் தமக்குள் கூடி இவ்விருந்திற்குப் பொது ஒழுங்குகளை வகுத்த ஒவ்வொரு வேளையிலும் நம் மக்களின் நிலை அதில் வெளிப்பட்டிருக்கிறது. ஆதலின் கிறிஸ்தவரல்லாத நம் உறுப்பினரும் இவ்வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

முதல் ஒழுங்கும் அதன் காரணமும்

திருவிருந்திற்கென எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஒழுங்குகளுள் ஒன்று, கி.பி. 55ஆம் ஆண்டையொட்டிப் பவுல் கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் உள்ளது. அதை எழுதுவதற்குக் காரணமாக அமைந்தது எது என்பதை நம் இளைஞர் கருதிப் பார்க்க வேண்டும். அச்சபையில் வசதி படைத்தோர் முன்னரே வந்து தத்தம் உணவை உண்டு நிறைந்திருந்தனர். இல்லாதோர் பசியோடு இருந்தனர். இவ்வாறு ஏழையை நாணச் செய்வது சபையையே அவமதிப்பதாகும் என்று பவுல் கடிந்துரைத்து, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி கட்டளையிட்டார். திருவிருந்தின் ஒழுங்கு என்பது தொடக்கத்திலேயே எளியவரின் மானத்தைக் காக்க எழுந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தரங்கம்பாடியில் நிகழ்ந்தது

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினர். தமிழ் மண்ணில் சீர்திருத்தச் சபை வேர்கொண்டது அவ்வாண்டில்தான். தமிழ் அச்சுக்கும் பள்ளிக்கும் அவர்கள் ஆற்றிய தொண்டை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் அவர்கள் நிறுவிய சபையில் வேளாளரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தனர் என்பதும் வரலாறே.

அச்சபையில் இராஜநாயக்கன் என்னும் பெருமகன் ஒருவர் இருந்தார். பறையர் குலத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் பொறுப்பு வகித்தவர். கத்தோலிக்கராயிருந்து, அச்சிட்ட தமிழ் நற்செய்தி நூலைப் படித்து, 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியாரானவர். தஞ்சை நாட்டில் அவரைப் போல் உழைத்த உபதேசியார் அரியர். இந்தியர் ஒருவருக்குக் குருப்பட்டம் அளிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது அவர் பெயரும் ஆராயப்பட்டது. ஆனால் அவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதிக் கிறிஸ்தவர் இசையார் என்ற அச்சத்தால் அவர் விலக்கப்பட்டார். 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். ஆரோன் தகுதியுடையவரே; அதில் ஐயமில்லை. இராஜநாயக்கனோ 1771இல் மறையும் வரை உபதேசியாராகவே உழைத்தார். அவருடைய கல்வியிலும் ஒழுக்கத்திலும் உழைப்பிலும் எவரும் குறை கூறவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் கை எந்தக் குலத்தின் கை என்பதே அங்கு எழுந்த கேள்வி.

கத்தோலிக்கர் நிலையும் இதனின் வேறன்று. மதுரை மிஷனில் உயர்சாதியாருக்கு ஒருவகைக் குருக்களும் மற்றோருக்கு வேறுவகைக் குருக்களும் பணியாற்றினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம், இரு சாதியார் இரு கூடங்களில் நின்று ஒரே பீடத்தைக் காணும்படி சுவரால் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தச் சுவர் 1910ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது.

1833, 1850: எழுத்தில் வந்த கட்டளைகள்

சாதியைத் திருவிருந்திலிருந்து விலக்க வேண்டும் என்ற தெளிவான கட்டளை, கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டு அனுப்பிய சுற்றுமடலில் வந்தது. ஆலயத்தில் அமரும் இடம், திருவிருந்திற்கு வரும் முறை, திருமணம் ஆகியவற்றில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று அவர் எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் பெருங்கிளர்ச்சி மூண்டது. சபையை விட்டு விலகியோர் பலர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரைப் போன்ற பெரும்புலவரும் அக்கட்டளையை எதிர்த்தனர். விலகியோருள் பலர் பின்னர், சாதியைச் சமூக வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனை அடைந்தனர்.

1850ஆம் ஆண்டு சென்னை மிஷனரி மாநாட்டில் சீர்திருத்தச் சபைகளின் பணியாளர் கூடி, சாதியை விடாதவரைச் சபையில் சேர்த்தல் ஆகாது என்றும், எச்சாதிக் கிறிஸ்தவரோடும் உடனிருந்து உண்ண இசைவதே சாதியை விட்டதற்கு அடையாளம் என்றும் தீர்மானித்தனர். லைப்சிக் மிஷன் இத்தீர்மானத்தில் சேரவில்லை. மதுரையில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அன்பின் விருந்து என்னும் சமபந்தியை நடத்தி, அதில் உண்ண மறுத்த உபதேசியார் பலரைப் பணியிலிருந்து நீக்கியிருந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கட்டளைகளை இயற்றியோர் பெரும்பாலும் வெளிநாட்டார். எதிர்த்தோர் உள்நாட்டு உயர்சாதிக் கிறிஸ்தவர். நம் மக்களின் குரல் அவ்வேடுகளில் மிகக் குறைவாகவே கேட்கிறது. நம்மைப் பற்றிய வழக்கு நடந்தது. நம்மைச் சாட்சிக்கு அழைத்தவர் சிலரே. ஆயினும் எழுத்தில் ஓர் ஒழுங்கு வந்த பின்னர், அதைச் சுட்டிக்காட்டி உரிமை கேட்க நம் முன்னோருக்கு ஒரு பிடி கிடைத்தது.

ஆர்க்காட்டு மிஷனும் தோல் தொழில் வட்டாரமும்

நம் வட்டாரத்துச் சபைகளின் வரலாறு 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனோடு பின்னிக் கிடக்கிறது. ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், வில்லியம், ஜோசப் ஆகிய உடன்பிறந்தார் மூவர் அதனை நிறுவினர். 1857 முதல் அது அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் பொறுப்பில் வளர்ந்தது. இராணிப்பேட்டையிலும் வேலூரிலும் மருத்துவமனை, பள்ளி, கல்லூரி என அது விரிந்ததை நாடறியும். ஊரிஸ் கல்லூரியும், 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு மருத்துவச் சேவையிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அவ்வழி வந்தவை.

இம்மிஷனின் கிராமச் சபைகளில் பெரும்பாலோர் நம் மக்களே. குடும்பம் குடும்பமாக, சேரி சேரியாகச் சபையில் சேர்ந்தனர். சேரிக்குள்ளேயே சிறு ஜெபக்கூடம் எழுந்தது. அங்கேயே பள்ளியும் நடந்தது. அங்கு ஒரே பாத்திரத்தில் பருகுவதற்குத் தடையில்லை. ஏனெனில் பருகியோர் அனைவரும் சேரியினரே! ஊரார் அப்பந்திக்கு வரவேயில்லை. ஆகவே சேரிச் சபையில் சமபந்தி நடந்ததைக் கொண்டு சாதி ஒழிந்தது எனக் கருதுதல் பிழையாகும். பல சாதியாரும் ஒரே ஆலயத்தில் கூடும் நகரச் சபைகளில்தான் ஒழுங்கின் உண்மை சோதிக்கப்படும்.

நம் மக்களுட் பலர் உழைத்த இடமோ தோல் பதனிடும் தொழிற்சாலை. நம் வழக்கில் தோல் ஷாப்பு. வேலூரைச் சூழ்ந்து இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடரும் தொழில் அது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்ட கைகள் நம் முன்னோர் கைகள். பின்னர்க் குரோம் உப்பு முறை வந்தது; கைகளில் புண்ணும் வெடிப்பும் வந்தன. உலக நாடுகளுக்குச் செருப்பும் சப்பாத்தும் அனுப்பிய அக்கைகளைத் தீட்டுடையவை என்றது ஊர். அக்கைகளே ஞாயிறுதோறும் ஆலயத்தில் அப்பத்தை வாங்க நீண்டன. திருவிருந்து ஒழுங்கு நம் மக்களுக்கு வெறும் சடங்குமுறையாக இல்லாமல், உயிரோடு ஒட்டிய செய்தியாக இருந்ததன் காரணம் இதுவே.

1947உம் 1950உம்: கையோடு கை

1908ஆம் ஆண்டு பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் கூடித் தென்னிந்திய ஐக்கிய சபையாயின. ஆர்க்காட்டுச் சபைகளும் அதில் இருந்தன. 1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் பேராயர் வே. ச. அசரியாவும் வேதநாயகம் சந்தியாகுவும் முன்னின்று கூட்டிய கூட்டம், பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடுத்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சு நடந்தது. முடிவில் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற ஏழாம் வாரத்தில், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

வெவ்வேறு முறையில் வழிபட்டு வந்தோர் ஒரே சபையாயினர். சிலர் முழங்காலிட்டுப் பெற்றனர். சிலர் அமர்ந்த இடத்திலேயே பெற்றனர். சிலரிடம் பொதுப் பாத்திரம். சிலரிடம் சிறு கிண்ணங்கள். பழைய முறை எதையும் தடை செய்வதில்லை என்று வாக்களித்தே சபை இணைந்தது. ஆயினும் அனைவரும் கூடும் வேளைக்குப் பொதுவான ஒழுங்கு தேவைப்பட்டது. லெஸ்லி பிரவுன் அமைப்பாளராயிருந்த வழிபாட்டுக் குழு வகுத்த திருவிருந்து ஒழுங்கு, 1950ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் கூடிய சினாடில் முதன்முதலாகப் பயன்பட்டது. 1963இல் வெளிவந்த பொது வழிபாட்டு நூலிலும் அது இடம்பெற்றது. உலகச் சபைகள் பலவும் பின்னர் அதைக் கற்றுப் பின்பற்றின.

அவ்வொழுங்கில் நாம் போற்ற வேண்டிய பகுதி ஒன்று உண்டு. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டாமல், மேசைக்குப் பின் அவர்களை நோக்கி நிற்கிறார். காணிக்கைக்கு முன் சமாதானம் வழங்கப்படுகிறது. கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்த முறை அது. வழங்குபவர் தம் வலக்கையைப் பெறுபவரின் வலக்கையோடு சேர்க்க, இருவரும் இடக்கையால் மற்றவர் வலக்கையை மூடுகின்றனர். பீடத்தில் தொடங்கும் அந்தச் சமாதானம் கையிலிருந்து கைக்குச் சபை முழுதும் செல்கிறது.

இதை எழுதியோர் தீண்டாமையை மனத்திற்கொண்டு எழுதினரோ, பழைய மரபின் அழகை எண்ணி எழுதினரோ, எவ்வாறாயினும் ஆகுக. அதன் பயனைக் கருதுக! பக்கத்தில் நிற்பவரைத் தொடாமல் அந்த வழிபாட்டை முழுமையாக நடத்த இயலாது. சுண்ணாம்புக் குழியில் வெடித்த கையும், ஏடு எழுதும் கையும், நிலம் உடையவன் கையும் ஒன்றையொன்று பற்ற வேண்டும். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர்த்தான் தனிநாடான இந்தியா, அதே 1950 சனவரியில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் தீண்டாமை கூடாது என்றது. அதே திங்களில் வந்த திருவிருந்து ஒழுங்கு தீண்டுக என்றது!

ஆம்பூரில் பிரிந்த பந்திகள்

எனினும் நம் வட்டாரத்தில் பந்தி ஒன்றாகிவிடவில்லை. லைப்சிக் மிஷனை விட்டுக் கோட்பாட்டுக் காரணத்தால் விலகிய நேதர், மோன் ஆகியோரைக் கொண்டு அமெரிக்க மிசூரி லுத்தரன் சபை 1895இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கியது. விரைவில் ஆம்பூரும் அதன் நிலையமாயிற்று. கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா மருத்துவமனையும் அவ்வழி வந்தவை. அச்சபை 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக அமைந்தது. கோட்பாட்டில் முழு உடன்பாடு உள்ளோரே ஒரே பீடத்தில் பந்தியமரலாம் என்பது மிசூரி மரபு. 1948 முதல் சுமார் பத்தாண்டுகள் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் நடத்திய உரையாடலில் திருவிருந்தைப் பற்றியும் இணக்க அறிக்கை உருவாயிற்று. ஆனால் ஒரே சபையாகும் முயற்சி நிறைவேறவில்லை. 1952இல் அமைந்த வேலூர்க் கத்தோலிக்க மறைமாவட்டத்திற்கோ உரோமையின் சட்டம் உண்டு. அச்சட்டம் பிற சபையாருக்கு அரிய விதிவிலக்குகளில் மட்டுமே நற்கருணை வழங்க இடந்தருகிறது.

இவ்வாறு ஒரே தெருவில், ஒரே தோல் ஷாப்பில் உழைத்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் ஞாயிறன்று மூன்று பந்திகளில் பிரிகின்றன. அப்பத்தில் கிறிஸ்து எவ்வாறு இருக்கிறார் என்ற கேள்வி ஜெர்மனியிலும் உரோமையிலும் எழுந்து, கப்பலேறி நம் சேரிக்கு வந்தது. அதை நாம் இகழவில்லை. கோட்பாட்டை ஆழ்ந்து நோக்குவோரின் மனச்சாட்சி மதிக்கத்தக்கது. ஆனால் கோட்பாட்டுப் பிழைக்காகப் பந்தியைப் பிரிக்கத் தயங்காத சபைகள், சாதிப் பிழையைப் பந்தியில் நெடுங்காலம் பொறுத்துக்கொண்டன என்பதை வரலாறு மறைக்கவில்லை. எது பெரிய பிழை என்பதை எளியவனே சொல்லத் தகுதியுடையவன்.

உலகச் சபைகளும் இதை உணரத் தொடங்கின. 1982ஆம் ஆண்டு பெரு நாட்டின் லிமா நகரில் ஏற்கப்பட்ட ‘திருமுழுக்கு, திருவிருந்து, திருப்பணி’ அறிக்கை, இவ்விருந்தைப் பகிர்வோர் அநீதிக்கும் இனப்பிரிவினைக்கும் இடங்கொடுத்தல் இயலாது என வற்புறுத்தியது. அக்காலத்திலேயே தலித் இறையியல் எழுந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாப்பிலஸ் அப்பாவு, மக்களால் பரட்டை என அன்போடு அழைக்கப்பட்டவர், ஒரே உலையில் சமைத்து ஒன்றாய் உண்ணும் எளியவரின் வாழ்வையே திருவிருந்தின் பொருளாக்கினார். பறையிசையை வழிபாட்டினுள் கொணர்ந்தார்.

ஆயினும் துயரம் நீங்கவில்லை. 2008ஆம் ஆண்டு மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஆலயத்திலும் சவ அடக்கத்திலும் சம உரிமை கேட்ட கத்தோலிக்க ஆதிதிராவிடர்மீது தாக்குதல் நிகழ்ந்தது. காவலரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் சாதி வேற்றுமை நிலவுவதை ஒப்புக்கொண்டது.

நாம் கேட்க வேண்டியவை

சபைகள் கூடித் திருவிருந்திற்குப் பொது ஒழுங்குகளை வகுக்கும் முயற்சி இனியும் நடக்கும், நடக்கவும் வேண்டும். அத்தகைய குழுவில் நம் இளைஞர் அமரும் நாளில் கோட்பாட்டு ஒப்பீட்டோடு நிறைவடைதல் ஆகாது. கீழ்க்கண்டவற்றையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

1. அப்பமும் பாத்திரமும் அனைவருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். நோய்த் தடுப்பிற்காகச் சிறு கிண்ணம் வேண்டுமெனில், அது எல்லோருக்கும் சிறு கிண்ணமாகவே இருக்கட்டும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பல சபைகள் பொதுப் பாத்திரத்தை நிறுத்தின, அது முறையே. உடல்நலம் என்ற பெயரில் சாதி மீண்டும் நுழையாதவாறு காத்தல் நம் கடமை.

2. வரிசையில் முன்னுரிமை எவருக்கும் இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய விதி அதுவே.

3. சமாதானம் கைதொட்டு வழங்கப்பட வேண்டும். தலையசைப்பால் அதை ஒப்பேற்றுதல் அவ்வொழுங்கின் உயிரை நீக்குவதாகும்.

4. அப்பம் பிட்டுக் கொடுப்போர் வரிசையில் நம் மக்களும், நம் பெண்மக்களும் இருத்தல் வேண்டும். இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது இனி எவருக்கும் மறுக்கப்படலாகாது.

5. பந்தியில் ஒன்றாகி, கல்லறைத் தோட்டத்திலும் திருமணத்திலும் பிரிவோமாயின், பந்தியின் ஒற்றுமை பொய்யாகும்.

இவ்வைந்தையும் பிறரிடம் கேட்கும் நாம், நமக்குள்ளும் கேட்டுக்கொள்ள வேண்டும். பறையர் வீட்டுப் பந்தியில் அருந்ததியர் அமர்கின்றனரா? குழியில் தோல் மிதித்தவரின் மகனுக்கு, அலுவலகத்தில் அமர்ந்த நம்மவர் மகளைக் கொடுக்கின்றனரா? மேலிருந்து வரும் சாதியை எதிர்க்கும் வலிமை, நமக்குக் கீழே என்று எவரையும் எண்ணாதவர்க்கே வாய்க்கும்.

1833இலும் 1850இலும் ஒழுங்குகளை எழுதிய அவைகளில் நம்மவர் இல்லாமைக்குக் காரணம் எழுத்தறிவு நம்மிடமிருந்து மறைக்கப்பட்டதே. இன்று அந்நிலை மாறி வருகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் புத்தகமும் கட்டணமும் கொடுத்துப் படிக்க வைத்த பிள்ளைகள் சட்டம் அறிவர், வரலாறு அறிவர், கணக்கும் அறிவர். எந்த மதத்தில் இருப்பினும், எந்த அவையில் அமரினும், விதி எழுதும் மேசையில் நம்மவர் இடம்பெற வேண்டும். எழுதிய விதியைப் படித்துக் காட்டி, அதன்படி நடக்கிறதா என்று கேட்கவும் வேண்டும். கல்வி நமக்குத் தரும் பெரும்பேறு அதுவே.